ரோபோவுக்கு ஒரு மேட்சிங் வர்ணம்!

புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் வரிசையாகப் பத்துத் துண்டுகளை எடுத்துப் போடுகிறார். எல்லாமே மயில் கழுத்து நிறம்தான் என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? புடவையையும் துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் அண்ணே" என்று வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். உள்ளே டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்திய துண்டு, வெயிலில் பல்லை இளிக்கிறது! பேசாமல் திரும்பிப் போய் அடுத்த துண்டை எடுக்கச் சொல்கிறோம்.

இந்தச் சூட்சுமம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நமக்குத் தெரியும். இதே சூட்சுமம், என் பிள்ளை செய்த ரோபோவுக்கு வர்ணம் பூசும்போது கை கொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"ரோபோவா? அதெல்லாம் எங்கள் வீட்டில் ஏது?" என்று கேட்காதீர்கள். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் இன்னோவேஷன் மிஷன் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பத்தாயிரம் பள்ளிகளில் டிங்கரிங் லேப் வந்திருக்கிறது. மோட்டாரும் சென்சாரும் இப்போது பிள்ளைகள் கையில் பம்பரம் மாதிரி ஆகிவிட்டன. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்கள் வீட்டு ஹாலிலும் ஒன்று ஓடத்தான் போகிறது!

என் பெரியவன் செய்தது ஒரு சின்னப் பெட்டி ரோபோ. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். எதிரே ஆள் வந்தால் நின்றுவிடும். பாட்டியின் மூக்குக் கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் ஹாலிலிருந்து அவர் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம்.

எல்லாம் முடிந்த பிறகு பிள்ளை ஒரு ஆசையைச் சொன்னான். "அம்மா, இதுக்குத் தாத்தா ஸ்கூட்டர் கலர் அடிக்கணும்."

என் மாமனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஸ்கூட்டரையும் விற்றாகிவிட்டது. அதன் சைடு டிக்கியின் மூடி மட்டும் எப்படியோ தங்கிப்போய்ப் பரணில் இருந்தது. அதை எடுக்க ஏறிய என் கணவர், கூடவே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஸ்கூட்டரில் கீறல் விழுந்தால் தொட்டுப் பூசுவதற்காக மாமனார் எப்போதோ வாங்கி வைத்திருந்த பெயிண்ட் டப்பா. அதே நீலம்! குலுக்கினால் உள்ளே இன்னும் தளும்பியது.

"பைசா செலவில்லாமல் வேலை முடிஞ்சுது" என்றார் அவர். பிள்ளைக்கோ தலைகால் புரியவில்லை.

இலவசமாக வந்த டப்பா

அந்த நிமிஷத்தில்தான் என் கண் சின்னவள் மேல் போனது. அவளுக்கு மூன்று வயது. ரோபோவின் ஒரு சக்கரத்தை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

டப்பா எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. லேபிள் உரிந்து போயிருந்தது. பழைய பெயிண்டுகளில், அதிலும் இரும்புக்கும் வண்டிக்கும் பூசும் பெயிண்டுகளில், பளிச்சென்ற நிறம் வருவதற்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும், துருப் பிடிக்காமல் இருப்பதற்காகவும் ஈயம் கலந்த பொருள்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஈயம் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. ஆனால் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் கெடுக்கக் கூடியது. இவ்வளவு ஈயம் உடம்பில் சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு இழுத்துக்கொள்கிறது.

நம் நாட்டில் 2016-ல் இதற்கென்று விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோ பெயிண்டில் 90 மில்லிகிராம். டப்பாவின் மேல் இதை அச்சடிக்கவும் வேண்டும். இந்த விதி வீட்டுப் பெயிண்டுக்குத்தான். தொழிற்சாலைச் சாமான்களுக்குப் பூசும் பெயிண்டுக்கு இது பொருந்தாது. ஆகவே சகோதரிகளே, பட்டறையில் மிஞ்சியது, பரணில் கிடந்தது என்று இலவசமாக வரும் பெயிண்டைப் பிள்ளைகள் கை படும் சாமானுக்குப் பூசாதீர்கள். பழைய ஜன்னல் கம்பியையும் தொட்டிலையும் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசுதான் ஆபத்து.

"டப்பாவைத் திறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அதே கலர் இதுதானேம்மா?" என்று கண் கலங்கினான். "அதே கலரை நான் வாங்கித் தர்றேன்டா" என்று வாய்விட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன். டப்பாவை மூடி இறுகியபடியே தனியாக ஒரு பையில் கட்டி, 'பெயிண்ட் டப்பா' என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தோம். சாக்கடையில் கொட்டவில்லை.

கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

கடையில் ஒரு 'கண்'

பெரிய பெயிண்ட் கடைகளில் கம்ப்யூட்டரில் வர்ணம் கலந்து கொடுக்கும் மெஷின் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை பேஸ் டப்பாவில், பத்துப் பன்னிரண்டு மூல வர்ணங்களைச் சொட்டுக் கணக்கில் விட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். பல கடைகளில் கூடவே இன்னொரு கருவியும் உண்டு. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று வாய் நிறையப் பெயர்! உள்ளங்கையில் அடங்கிவிடும். நாம் கொண்டுபோகும் சாம்பிள் மேல் அதை வைத்து அழுத்தினால் ஒரு வெளிச்சம் அடிக்கும். ஊதாவிலிருந்து சிவப்பு வரை, 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில், எந்தப் பகுதி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்துவிடும். அதை வைத்துக்கொண்டு, எந்த மூல வர்ணம் எத்தனை சொட்டு என்று கம்ப்யூட்டர் சமையல் குறிப்பு எழுதிவிடும்.

இதற்குச் சாம்பிள் கொண்டுபோவதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* மொபைலில் எடுத்த போட்டோ சாம்பிள் ஆகாது. ஒவ்வொரு கேமராவும் வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். சாமானையே எடுத்துப் போங்கள்.

* ஒரு தீப்பெட்டி அளவாவது சமதளமாக, ஒரே நிறமாக இருக்கட்டும். வளைவும் டிசைனும் கருவியை ஏமாற்றிவிடும்.

* அழுக்கும் எண்ணெயும் நிறத்தை மாற்றும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்து எடுத்துப் போங்கள். என் சாம்பிள் பழைய பெயிண்ட் ஆயிற்றே! அதனால் சுரண்டாமல், ஈரத் துணியால் மட்டும் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கடைக்காரர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் வைக்கட்டும்மா?" என்றார்.

அப்போதுதான் நானே கவனித்தேன். வெயில் பட்ட வெளிப்பக்கம் வெளுத்துச் சாம்பல் பூத்த நீலம். வெயிலே படாத உள்பக்கம் ஆழமான, புத்தம் புது நீலம். இரண்டும் ஒரே மூடி!

பிள்ளை தயங்கவே இல்லை. "வெளிப்பக்கம். தாத்தா என்னை ஸ்கூல்ல விடும்போது இந்தக் கலர்தான்."

நீங்களும் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பழைய சாமானுக்கு ஒட்டுப் போடுவதானால் வெளுத்த நிறத்தைக் கொடுங்கள். முழுவதையும் புதுசாகப் பூசுவதானால், திருகாணிக்கு அடியிலோ மூடிக்கு உள்ளேயோ மறைந்திருக்கும் நிறத்தைக் கொடுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

"ஒரு லிட்டர் போடட்டுமா?" என்றார் கடைக்காரர். இங்கேதான் நம் காசு கரையும். கலந்துவிட்ட பெயிண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் ரோபோப் பெட்டி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். ஆறு பக்கமும் சேர்த்து 3,200 சதுர செ.மீ., அதாவது 0.32 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அப்படியானால் இரண்டு கோட்டுக்கு 64 மில்லி. பிரஷ்ஷில் ஒட்டுவது, சிந்துவது எல்லாம் சேர்த்தாலும் 100 மில்லி போதும். சுவரில் பூசிப் பார்ப்பதற்கென்று 200 மில்லி சாம்பிள் டப்பா வருகிறது. "அதில் கலந்து தருவீர்களா?" என்று வாய் திறந்து கேட்டேன். கலந்து கொடுத்தார். தண்ணீரில் கரையும் எமல்ஷன். தின்னர் வேண்டாம், நெடி குறைவு.

டப்பா மேல் வர்ண எண்ணும் கலவைக் கணக்கும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைக் கிழித்துப் போடாமல் போட்டோ எடுத்து, நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு மூலை பெயர்ந்தாலும் அதே நிறம் கிடைக்கும்.

வாசலுக்கு வந்து பாருங்கள்

நம் பிளவுஸ் துணிச் சூட்சுமம் இப்போது உதவும். ஒரு நிறத்தைப் பல விதக் கலவையில் கொண்டுவரலாம். இரண்டு கலவைகள் ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும். மெடமெரிசம் என்று இதற்குப் பெயர். வெயில், எல்.இ.டி. பல்பு, டியூப் லைட் ஆகிய ஒவ்வொன்றின் வெளிச்சத்திலும் இருக்கும் நிறங்களின் அளவு வேறு வேறு என்பதுதான் காரணம்.

ஆகவே பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தில் இரண்டு கோட்டு பூசி, நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் கொஞ்சம் அழுத்தமாகும். காய்ந்த அட்டையைச் சாம்பிளோடு சேர்த்து வாசலில் ஒருமுறை, ஹால் வெளிச்சத்தில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை பாருங்கள். ரோபோ எங்கே நிற்கப் போகிறதோ, அங்கே பொருந்துவதுதான் முக்கியம்.

பளபளப்பும் ஏமாற்றும். ஸ்கூட்டர் பளபளப்பு, எமல்ஷனோ மங்கல். என் அட்டை முதலில் வெளிறித்தான் தெரிந்தது. தண்ணீரில் கரையும் கிளியர் வார்னிஷ் ஒரு கோட்டு கொடுத்ததும் நிறம் ஆழமாகிப் பக்கத்தில் வந்துவிட்டது. கலவை தப்பு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள்.

மெஷின் இல்லாத ஊரில்

கவலைப்படாதீர்கள், நம் கையே மெஷின். பெட்டி மூடியின் உள்பக்கத்துக்கு நான் இப்படித்தான் கலந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூடி 30-க்கு 20 செ.மீ. தான். இரண்டு கோட்டுக்கு 12 மில்லி, இரண்டரை டீஸ்பூன் அளவு. இதற்குப் போய் இன்னொரு டப்பாவா?

ஸ்டேஷனரி கடையில் அக்ரிலிக் வர்ணம் சின்ன டியூபில் கிடைக்கும். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, அழுத்தமான நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ரசத்தில் உப்புப் போடுகிற மாதிரிதான். சேர்த்ததை எடுக்க முடியாது! ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துவிட்டால் அளவு தெரியும். 'வெள்ளை 10, நீலம் 6, கறுப்பு அரை' என்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் எழுதி, பக்கத்திலேயே ஒரு பொட்டு வைத்துக் காயவிடுங்கள். நாலைந்து பொட்டுக்குள் கைக்கு வந்துவிடும். ஒரே ஜாதி வர்ணங்களைத்தான் கலக்க வேண்டும். தண்ணீரில் கரைவதோடு எண்ணெய் எனாமலைச் சேர்த்தால் திரிந்த பால்தான். சமையலறை ஸ்பூனையும் கிண்ணத்தையும் இதற்கு எடுக்காதீர்கள்.

பூசும்போது

* அடிப்பூச்சு ஒன்றாக இருக்கட்டும். எங்கள் ரோபோவின் உடம்பு எம்.டி.எஃப். பலகை, தலை பள்ளிக்கூட லேபில் பிரின்ட் செய்த பிளாஸ்டிக். பலகை பழுப்பு, பிளாஸ்டிக் கறுப்பு. நேரே பூசினால் ஒரே நீலம் இரண்டு நீலமாகிவிடும். இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பிரைமர் கொடுத்த பிறகுதான் ஒட்டியது.

* பிளாஸ்டிக்கை 220-ம் நம்பர் உப்புத்தாள், பிறகு 400 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். எம்.டி.எஃப். பலகையில் தண்ணீர் ஆகாது, ஊறி உப்பிவிடும். அதன் ஓரங்களுக்கு முதலில் பிரைமர் கொடுங்கள்.

* மெழுகு மாதிரி வழுவழுவென்று இருக்கும் டிபன் டப்பாப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது, உரிந்து வரும். தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் தெர்மாகோலே கரைந்துவிடும்.

* பி.எல்.ஏ. என்னும் பிரின்டர் பிளாஸ்டிக் 60 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள். நிழல் போதும்.

* சென்சார், மோட்டார் அச்சு, பாட்டரி முனை இவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுப் பூசுங்கள். அடியிலுள்ள கோட்டு சென்சார், வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. அதன் கண்ணில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரோபோ குருடாகிவிடும்!

* கனமாக ஒரு கோட்டு வேண்டாம். மெல்லிசாக இரண்டு போதும். நடுவே டப்பாவில் சொன்ன நேரம் காயட்டும்.

குழந்தை இருக்கும் வீட்டில்

ஸ்பிரே, எனாமல், தின்னர் என்று போவதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பும் பூஜை விளக்கும் பக்கத்தில் எரியக் கூடாது. துணி மாஸ்க் தூசைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். தின்னரை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரிய ஆபத்து. தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தண்ணீர் பெயிண்டானாலும் அது சாப்பாடு அல்ல, எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய பெயிண்டைக் குழந்தை சப்பிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈயத்தின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள சாப்பாடு, உடம்பு ஈயத்தை இழுத்துக்கொள்வதைக் குறைக்கும். கீரை, கேழ்வரகு, பால் எல்லாம் எப்போதும் நல்லதுதானே!

செலவா? சாம்பிள் டப்பா, பிரைமர், வார்னிஷ், உப்புத்தாள், டேப், டியூப் வர்ணம் எல்லாம் சேர்த்து, ஒரு மேட்சிங் பிளவுஸ் துணி வாங்கி, லைனிங் வைத்துத் தைத்து வாங்கும் செலவுக்குள் அடங்கிவிட்டது.

ஒரு வாரம் நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகு ரோபோவை ஓட விட்டோம். வெளுத்த நீலத்தில் மெல்ல ஊர்ந்துபோய் என் மாமியாரின் கட்டில் அருகே நின்றது. "அட, இவர் வண்டி மாதிரியே இருக்கே!" என்று சிரித்தார். பிள்ளைக்கு வானத்தில் பறக்கிற மாதிரி.

"உங்க கண்ணாடி உள்ளே இருக்கு, எடுத்துக்குங்க அத்தை" என்றேன் நான்.

மூடியைத் திறந்தார். அதன் உள்பக்கம், வெயில் படாத அந்த நீலம். நான் சொட்டுச் சொட்டாகக் கலந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இது வாங்கின அன்னிக்கு இருந்த கலராச்சே! பின்னாடி உட்கார வெச்சு நேரே கோயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போனார்..."

கண்ணாடியை எடுக்க மறந்து மூடியை மூடினார். திரும்பத் திறந்தார். சின்னவள் ஓடிவந்து ரோபோவின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் பதறவில்லை.